குளத்துக்கு மேலும் கீழும்: ஒரு களப் பயணத்துக்கான ஆயத்தம்

எமது பயிற்சி நிலையத்தின் முற்றத்தில் வட்டமான சீமெந்துத் தடாகம் ஒன்று இருந்தது. நடுவில் சீமெந்துத் தாமரை. சுற்றிவரக் குரோட்டன் செடிகள். நிலத்தோற்ற வடிவமைப்பைப் படிப்பதற்கென இளைஞர் யுவதிகளை நாம் முதற் தடவை வெளியே கூட்டிச் சென்று வந்த கையோடு அவர்கள் ஆர்வமாகக் கட்டியது அது. மாரியில் அழகாகத்தான் இருந்தது. ஆவணி பிறந்ததும் அதற்கு நீர் விடப் பவுசர் பிடிக்க வேண்டியதாயிற்று. குடிநீருக்கே பவுசரைக் காத்திருக்கும் கிராமத்து மக்கள் வேலியோரம் நின்று அதைப் பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எம்மை அதிகம் சுட்டது.

பிழை பிள்ளைகளுடையது அல்ல. அந்தப் பயணத்தைத் திட்டமிட்டவர்கள் நாம். இரண்டு நாளில் ஐந்து இடங்கள். பேராதனைப் பூங்காவுக்கு ஒன்றரை மணித்தியாலம். ஒவ்வோர் இடத்திலும் ஓட்டுநர் ஹோர்ன் அடித்து அவசரப்படுத்த, பிள்ளைகள் ஓடி ஓடிப் படம் எடுத்தார்கள். வந்தபின் அவர்களுடைய குறிப்புப் புத்தகங்களைப் புரட்டினோம். எங்கே என்ன பூ இருந்தது என்று எழுதியிருந்தார்கள். நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒருவரேனும் எழுதவில்லை. அதைக் கேட்டு வரும்படி நாம் சொல்லி அனுப்பவும் இல்லை. கர்தினால் கார்டைன் இளந் தொழிலாளருக்குக் கற்பித்த ‘பார், தீர்மானி, செயற்படு’ என்னும் முறையைக் கருத்தரங்குதோறும் விளக்கி வரும் நாமே, பார்ப்பதிலிருந்து நேரே செயற்படுவதற்குத் தாவிவிட்டோம்.

இரண்டாவது பயணத்தை எப்படி ஒழுங்கு செய்தோம் என்பதையே இங்கு எழுதுகிறோம். பங்குகளிலும் இளைஞர் மன்றங்களிலும் இத்தகைய பயணங்களுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கு இது உதவலாம்.

கேள்வி முதலில், பஸ் பிறகு

நிலத்தோற்ற வடிவமைப்பு எதற்கு, அது உல்லாச விடுதிகளுக்கு உரிய படிப்பல்லவா என்று சிலர் எம்மிடம் கேட்பதுண்டு. விடுதித் தோட்டங்களில் வேலை பெற்று வீட்டைப் பார்க்கும் பிள்ளைகள் எம்மிடமும் உள்ளனர். அதை நாம் குறைவாக எண்ணவில்லை. ஆனால் மழை மூன்று நான்கு மாதம் கொட்டி மீதி மாதங்கள் காயும் எமது மண்ணில், நீரை எங்கே மறித்து, எங்கே மரத்தை விட்டு, எங்கே வீட்டையும் வயலையும் வைப்பது என்று தீர்மானித்தவர்களும் நிலத்தோற்றத்தை வடிவமைத்தவர்களே. அவர்கள் வரைபடம் எதையும் எமக்கு விட்டுச் செல்லவில்லை. நிலத்தில்தான் அதை வாசிக்க வேண்டும்.

எம்முன் ஒரு கேள்வியும் இருந்தது. மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்தை அண்டிய சிறு குளம் ஒன்றின் கட்டுக்குக் கீழே முன்பு ஒரு மரப்பட்டி இருந்ததாம். 2009இல் போர் முடிந்து மக்கள் திரும்பிக் குடியேறிய காலத்தில் புல்டோசர் கொண்டு அது வழிக்கப்பட்டது. இப்போது அந்தத் துண்டில் சில குடும்பங்கள் மிளகாயும் கத்தரியும் செய்கின்றன. அதற்கு அடுத்த வயல்களிலோ வரம்போரம் வெள்ளையாக உவர் பூக்கிறது. அந்தத் துண்டை என்ன செய்யலாம் என்று ஒரு திட்டம் தரும்படி கமக்காரர் அமைப்பு எம்மிடம் கேட்டது. தோட்டம் செய்யும் குடும்பங்களில் ஒன்று எமது மாணவி ஒருத்தியின் குடும்பம்.

இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டே எங்கு போவது என்று பேசத் தொடங்கினோம். பெந்தோட்டைக்கு அருகேயுள்ள லுணுகங்கையைப் பார்க்க வேண்டும் என்றார் ஆசிரியர் ஒருவர். சட்டம் படித்த ஜெஃப்ரி பாவா ஒரு பழைய இறப்பர்த் தோட்டத்தை வாங்கி, தோட்டம் அமைக்கும் ஆசையாலேயே கட்டடக் கலைஞராகி, 2003இல் இறக்கும்வரை செதுக்கிக்கொண்டிருந்த இடம் அது. நல்ல இடம்தான். ஆனால் அது ஈரவலயம். அங்கே பார்த்ததை இங்கே வைத்தால் மறுபடியும் பவுசர் பிடிக்க வேண்டிவரும். அதை இன்னொரு முறைக்கு விட்டோம்.

ஓர் ஆற்றின் வழியே

வரைபடத்தை விரித்ததும் வழி தானே தெரிந்தது. நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள்களை ஒட்டி மேசையில் பரப்பி, நீலக் கோடுகளை மாத்திரம் விரலால் தொடரும்படி பிள்ளைகளிடம் சொன்னோம். கட்டுக்கரைக்கு நீர் தருவது தேக்கம் அணைக்கட்டில் மறிக்கப்படும் அருவி ஆறு. சிங்களத்தில் மல்வத்து ஓயா. ஏறத்தாழ 164 கிலோமீற்றர் நீளமான அந்த ஆற்றை மேல்நோக்கித் தொடர்ந்தால் அநுராதபுரம், நாச்சதுவைக் குளம், அதற்கும் மேலே திறப்பனைப் பகுதியின் தொடர்குளங்கள், பின்னர் ரிட்டிகல, இனாமலுவைப் பக்கத்துக் குன்றுகள். இனாமலுவைச் சந்தியில்தான் சீகிரியாவுக்குப் பஸ் திரும்புகிறது. “அப்ப பாதர், அரசனின்ர தோட்டத்துப் பக்கத்திலயிருந்தா எங்கட குளத்துக்குத் தண்ணி வருது?” என்று ஒரு பிள்ளை கேட்டது. பயணப் பாதை அந்த இடத்திலேயே முடிவாயிற்று. மூன்று நாள், மூன்று இடங்கள், ஓர் ஆறு.

நாளைத் தை மாதக் கடைசியில் வைத்தோம். குளங்களில் நீர் நிற்கும். சீகிரியாவின் நீர்த்தாரைகள் உயிர்பெறுவதும் மழைக்காலத்தில்தான். ஆவணியில் வந்தால் வரண்ட குழிகளையே பார்த்துத் திரும்ப நேரும். இருந்தும் சொந்தக் குளத்தை மட்டும் ஆவணியிலும் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும் என்று தீர்மானித்தோம். உவர் தெரிவது அப்போதுதான்.

முதல் நாளுக்குப் பஸ் இல்லை. சொந்தக் குளத்தின் அலைகரையிலிருந்து குளக்கட்டு, துருசு, வான், வயல் என்று கடைசி வாய்க்கால்வரை குறுக்குநடை. கையில் கொத்தனார் பாவிக்கும் நீர்மட்டக் குழாய், முடிச்சுப் போட்ட கயிறு, மண்வெட்டி, வெறும் போத்தல்கள். முதல் ஒரு மணித்தியாலம் கைத்தொலைபேசி எடுக்கக் கூடாது. கண்டதைக் கையால் கீற வேண்டும். கிணறுகளின் நீரை ருசித்துப் பார்த்து, நன்னீர், சவர், உவர் என்று படத்தில் குறித்தார்கள். பாதுகாப்பு வேலிக்கும் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைக்கும் அப்பால் ஒருவரும் கால் வைக்கக் கூடாது என்பதில் நாம் எந்தத் தளர்வும் காட்டவில்லை.

இரண்டாம் நாள் திறப்பனை. வெந்தரங்குளம, புலங்குளம என்று ஊர்ப்பெயர்களில் ‘குளம்’ ஒலிப்பதைப் பிள்ளைகள் பஸ்சுக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சிங்கள விவசாயிகள் ‘எல்லங்காவ’ என்று சொல்லும் தொடர்குள முறை இது: மேற்குளத்தில் மிஞ்சுவதும் வயலில் வடிவதும் அடுத்த குளத்துக்குப் போகும், ஒரே நீர் பல தடவை வேலை செய்யும். இம்முறையை 2017இல் ஐ.நா. உணவு விவசாய அமைப்பு உலக விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

எமக்கு வேண்டியிருந்தது குளத்துக்கு மேலும் கீழும் உள்ள பட்டிகள். அலைகரையில் நிற்கும் மரப்பட்டி ‘கஸ்கொம்மன’: மருதும் இலுப்பையும் காற்றை மறித்து நீர் ஆவியாவதைக் குறைக்கும், வேரிடுக்கில் மீன் தங்கும். அதன் மேலே நீரோடு வரும் வண்டலைப் பிடிக்கும் புற்பட்டி ‘பெரஹன’. கட்டுக்குக் கீழே, வயலுக்கு முன்னர் உள்ளது ‘கட்டக்கடுவ’. அதில் ஒரு நீர்க்குழி, ஒரு சேற்று நிலம், ஒரு மேட்டு நிலம். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு மரஞ்செடிகள். கட்டின் ஊடாகக் கசியும் உவர் நீரை அது வயலுக்கு விடாமல் தாங்கிக்கொள்கிறது. அங்கே நின்றபோது மாணவி ஒருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய தகப்பனார் மிளகாய் வைத்திருக்கும் துண்டு இதுவேதான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

எம்மோடு நடந்த முதிய விவசாயி சிங்களத்தில் சொன்னதை அருட்சகோதரி ஒருவர் பெயர்த்துச் சொன்னார். இந்த மரங்களை வெட்டக் கூடாது என்று சட்டம் இருந்ததோ இல்லையோ தனக்குத் தெரியாது, வெட்டுகிறவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று தாய் சொன்னது தெரியும் என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை.

இந்த நாளுக்கு அதிக ஆயத்தம் வேண்டும். அங்குள்ள கமக்காரர் அமைப்புக்குச் சிங்களத்தில் முன்கூட்டியே கடிதம் போட வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு மலசலகூட வசதி உள்ள பாடசாலையோ விகாரை மண்டபமோ பார்த்துவைக்க வேண்டும். யானை நடமாட்டம் உள்ள பகுதியாதலால் பொழுது சாயமுன் நடையை முடிக்க வேண்டும். முதலைக்குப் பயந்து குளிப்பைக் கிணற்றடியோடு நிறுத்த வேண்டும். சமையலுக்கு மடுப் பெருவிழாவுக்குக் கொண்டுபோகும் பெரிய பானைகளே உதவின. விருந்தினராகப் போய் ஏழை வீடுகளுக்குப் பாரமாகக் கூடாது.

மூன்றாம் நாள் சீகிரியா. வருபவர் பலரும் ஓவியங்களையும் உச்சியையும் நினைத்து நீர்ப்பூங்காவை ஐந்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள். நாம் மலையேறுமுன் இரண்டு மணித்தியாலம் அங்கேயே இருந்தோம். காசியப்பன் 477 முதல் 495 வரை ஆண்டவன். மேற்கு வாசலின் நேர்கோட்டுக்கு இருபுறமும் ஒத்த தடாகங்கள்; துளையிட்ட சுண்ணாம்புக் கற்தட்டுகளினூடாக எழும் நீர்த்தாரைகள். இயந்திரம் எதுவுமில்லை. உயரத்தில் உள்ள நீர் நிலத்தடிக் கால்வாயால் இறங்கும் அழுத்தமே அதை எழுப்புகிறது. எமது துருசில் நீர் பீறிடுவதும் அதே கணக்குத்தான் என்று ஒரு பையன் நீர்மட்டக் குழாயைத் தூக்கிக் காட்டினான். நீர்ப்பூங்காவுக்கு அப்பால் பாறைப் பூங்கா தொடங்கியதும் நேர்கோடு மறைந்து, பாறை நின்ற இடத்துக்கேற்பப் பாதை வளைகிறது. எங்கே நிலத்தை வளைப்பது, எங்கே நிலத்துக்கு வளைந்து கொடுப்பது என்ற தீர்மானத்தை இவ்வளவு தெளிவாக ஒரே இடத்தில் காட்டும் பாடம் எமக்கு வேறு தெரியாது. (அங்கே குளவிக்கூடுகள் உண்டு. பாடிக்கொண்டு ஏறும் பழக்கமுள்ள குழுக்கள் கவனிக்க.)

தீர்ப்பு

திரும்பி வந்த பின் ஒரு வாரம் ஒதுக்கினோம். முதற் பயணத்தில் நாம் விட்ட படி இதுதான். கண்டவற்றை எமது துண்டோடு ஒப்பிட்டு, எமக்குப் பொருந்தாதவற்றை வெட்டித் தள்ளி, பிள்ளைகள் திட்டத்தை வரைந்தார்கள். கட்டடியில் நீர்க்குழி, சேற்றில் பன்னும் தாழையும், மேட்டில் மருதும் இலுப்பையும். கமக்காரர் கூட்டத்தில் அதை விளக்கியவள் அந்த மாணவியேதான். தானே கேட்டுப் பொறுப்பேற்றாள்.

தகப்பனார் கடைசிவரை கேட்டிருந்துவிட்டு எழுந்தார். “சரி பிள்ளை, மரம் வைக்கத்தான் வேணும். மரம் வளரப் பத்து வருசம் செல்லும். அந்தப் பத்து வருசமும் நாங்கள் என்னத்தைச் சாப்பிடுறது?” என்றார். எம்மைப் பார்த்து, “சுவாமி, நீங்களும் சொல்லுங்கோ” என்றார்.

எம்மிடம் பதில் இருக்கவில்லை. அந்தக் கேள்வி பயணத்துக்கு முன்பே கரும்பலகையில் இருந்திருக்க வேண்டும். நாம் மண்ணின் உவரை எழுதினோமே தவிர அந்தக் குடும்பங்களின் வருமானத்தை எழுதவில்லை. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. பிள்ளைகள் இப்போது தோட்டக் குடும்பங்களோடு அமர்ந்து மறுபடி வரைகிறார்கள்: கட்டடியை முதலில் விட்டுக்கொடுப்பது, மேட்டு ஓரத்தில் மரங்களுக்கிடையே சில போகங்களுக்கு மிளகாயைத் தொடர்வது, பன்னை வெட்டும் உரிமையை அந்தக் குடும்பங்களுக்கே கொடுப்பது என்று. பாய் விற்ற காசு மிளகாய்க் காசுக்கு ஈடாகுமா என்பதில் தாய்மாருக்குச் சந்தேகம் உண்டு. காலபோக விதைப்புக்கு முன் மீண்டும் கூடுவதாக உடன்பாடு. முற்றத்துத் தடாகத்தில் மண் நிரப்பி மருதங்கொட்டை போட்டிருக்கிறோம். சீமெந்துத் தாமரையை ஒருவரும் கேட்டு வரவில்லை. அது கிணற்றடியில் கிடக்கிறது.