மலையேறும் உணவுப் பைகள்

காற்று கண்ணுக்குப் புலனாவதில்லை. ஆயினும் அதற்கு எடை உண்டு. நிலவுலகைச் சூழ்ந்துள்ள காற்று, கடல்மட்டத்தில் ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டர்ப் பரப்பின்மீதும் ஏறத்தாழ 1 கிலோகிராம் எடையளவு அழுத்துகின்றது. மேலே செல்லச் செல்லத் தலைக்குமேல் உள்ள காற்றின் அளவு குறைதலால் அவ்வழுத்தமும் குறைகின்றது. பிரான்சு நாட்டு அறிஞராகிய பாஸ்கல் என்பார் இதனை மெய்ப்பிக்க விழைந்தார். அவர் வேண்டியவாறு, அவருடைய மைத்துனர் பெரியே என்பவர் 1648 ஆம் ஆண்டில் பாதரசக் குழாயுடன் மலையொன்றின்மீது ஏறினார். அடிவாரத்தில் நின்ற அளவினும் உச்சியில் பாதரசம் தாழ்ந்து நின்றது.

அம்மலையில் விளங்கிய உண்மையை இன்று தமிழகத்து நெடுஞ்சாலையிலும் காணலாம். சென்னை கடற்கரை நகரம். அங்கிருந்து மேற்கு நோக்கிச் செல்லும் சாலை, கிருஷ்ணகிரியில் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தையும், கருநாடக எல்லையை அடுத்த ஓசூரில் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தையும் எய்துகின்றது. கடல்மட்டத்தில் 1013 மில்லிபாராக உள்ள காற்றழுத்தம் ஓசூரில் ஏறத்தாழ 910 மில்லிபாராகக் குறைகின்றது.

சென்னையில் வறுவல் நிரப்பி மூடப்பெற்ற பையொன்று ஓசூருக்கு வருகின்றது எனக் கொள்க. வறுவலின் எண்ணெய் காறிப்போகாதிருக்க அப்பையினுள் நைட்டிரஜன் வளி அடைக்கப்படுதல் வழக்கம். வெளியழுத்தம் குறையவே உள்ளிருக்கும் வளி விரிகின்றது. வெப்பநிலை மாறாதிருப்பின், அழுத்தம் குறைவதற்கேற்ப வளியின் கன அளவு பெருகும் என்னும் விதியை ராபர்ட் பாயில் 1662 ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்விதிப்படி, சென்னையில் 10 பங்காக இருந்த வளி ஓசூரில் 11 பங்காகவும், ஏறத்தாழ 2240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் 13 பங்காகவும் பெருகும்.

பை தளர்ந்திருப்பின் உப்பி நிற்கும், வேறு தீங்கில்லை. விரிய இடமின்றி முன்னரே இறுகியிருப்பின், ஓசூரிலேயே 100 சதுரச் சென்டிமீட்டர்ப் பரப்பை ஏறத்தாழ 10 கிலோகிராம் எடையளவு விசை உள்ளிருந்து தள்ளும். ஒட்டிய விளிம்பு வலிவற்றதாயின் பிரியும்; ஈரமும் காற்றும் புகும்; உணவு கெடும். ஆதலின் மலைப்பகுதிக்கு அனுப்பும் பைகளில் வளியைக் குறைத்து அடைத்தலும், விளிம்பை வலிவுற ஒட்டுதலும் வேண்டும். ஓசூரில் மூடிய பை சென்னைக்கு இறங்குங்கால் இதற்கு மாறாகச் சுருங்கும்.

கிருஷ்ணகிரி மாங்கனிக்குப் பெயர் பெற்றது. அங்குள்ள ஆலைகளில் மாம்பழக் கூழ் சூடாகத் தகர டப்பாக்களில் நிரப்பி மூடப்பெறுகின்றது. டப்பா ஆறுங்கால் உள்ளிருக்கும் நீராவி நீராக மாறுதலால், உள்ளழுத்தம் வெளியழுத்தத்தினும் தாழ்கின்றது. ஆதலின் நல்ல டப்பாவின் மூடி சற்றே குழிந்திருக்கும். கடற்கரைக்கு இறங்கின் அக்குழிவு மிகும். மலைமேல் ஏறின் குறையும்.

உப்புதலுக்கு உயரம் ஒன்றே காரணமன்று. உணவினுள் நுண்ணுயிர்கள் பெருகி வளியை உண்டாக்கினாலும் உறை உப்பும். புறத்தோற்றம் ஒன்றே, காரணம் வேறு. உயரத்தால் வந்த உப்புதல் ஒரேவகைப் பைகள் அனைத்திலும் ஒத்துக் காணப்படும். கீழே இறங்கின் மறையும். கெட்டமையால் வந்த உப்புதல் ஒன்றிரண்டில் மட்டும் தோன்றலாம். கீழே இறங்கினும் மறையாது. காரணம் தெளியப்படாத உணவை உண்ணலாகாது. உப்பிய தகர டப்பாவிலோ உயிர்க்கேடு விளைக்கும் நஞ்சு இருத்தல் கூடும். அந்நஞ்சு நிறத்தாலும் மணத்தாலும் வெளிப்படாமலும் இருக்கலாம். ஆதலின் அத்தகைய டப்பாவைத் திறத்தலும், சிறிது சுவைத்துத் தெளிய முயல்தலும் தகா, விலக்குதலே அறிவுடைமை.