கார் சாவி பேட்டரி: சர்வீஸ் பில்லில் ஒளிஞ்சிருக்கும் அந்த ஒரு வரி

முன்னாடியெல்லாம் பார்க்கிங் வாசல்ல இருந்து அழுத்தினாலே கார் திறந்துச்சு. இப்போ பக்கத்துல போய் நின்னு மூணு தடவை அழுத்த வேண்டியிருக்கா? சாவியில் இருக்கிற பேட்டரி தீரப் போகுதுன்னு அர்த்தம். பல புது கார்கள்ல டாஷ்போர்டிலேயே எச்சரிக்கை வந்துடும். நம்மில் பல பேர் "அடுத்த சர்வீஸ்ல சொல்லிக்கலாம்"னு விட்டுடுவோம். அது பில்லில் பொருளுக்கு ஒரு விலை, மாத்தின கூலிக்கு ஒரு விலைன்னு வந்து உட்காரும். எட்டாயிரம், பத்தாயிரம்னு பில் வரும்போது அந்த வரியை யார் பார்க்கிறாங்க?

உள்ளே இருக்கிறது ஒரு வட்டமான சின்ன பேட்டரி, அவ்வளவுதான். பெரும்பாலும் சிஆர்2032. அந்த எண்ணுலயே அளவு இருக்கு: 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன். 2025-ன்னா தடிமன் 2.5. 1620-ன்னா 16 மில்லிமீட்டர் அகலம், 2 தடிமன். எல்லாமே 3 வோல்ட்தான். அதுக்காக ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திப் போடாதீங்க, உள்ளே ஆடும், சரியா ஒட்டாது. பழைய பேட்டரி மேலேயே எண் பொறிச்சிருக்கும், போட்டோ எடுத்துட்டுக் கடைக்குப் போங்க. எல்ஐஆர்னு ஆரம்பிச்சா அது சார்ஜ் பண்ற வகை, வோல்டேஜ் கூட. வேண்டாம்.

வாட்ச் ரிப்பேர் கடையிலோ எலக்ட்ரிக்கல் கடையிலோ பேர் தெரிஞ்ச கம்பெனி பேட்டரியே பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள்ள கிடைச்சுடும். பாக்கெட்ல காலாவதித் தேதி பாருங்க. உதிரியா பத்து ரூபாய்க்குக் கொடுக்கிறதை வாங்கி மிச்சம் பிடிக்கிறது மிச்சமே இல்ல.

மாத்துறது ஐந்து நிமிஷ வேலை. பட்டன் ஸ்டார்ட் கார்னா சாவியின் ஓரத்தில் ஒரு சின்ன விசை இருக்கும். அதைத் தள்ளி உள்ளே இருக்கிற இரும்புச் சாவியை உருவுங்க. அந்த இடத்துலயோ ஓரத்துலயோ ஒரு பிளவு தெரியும். தட்டை ஸ்க்ரூ டிரைவர் நுனியில் துணி சுத்தி மெதுவா திருப்பினா ரெண்டா பிரியும். சில மாடல்ல குட்டி ஸ்க்ரூ இருக்கும். பேட்டரியைக் கழட்டுறதுக்கு முன்னாடி பிளஸ் பக்கம் மேலயா கீழயான்னு ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. புதுசை ஓரத்தைப் பிடிச்சு வைங்க, விரல் எண்ணெய் அதன் முகத்தில் படக் கூடாது. 'டக்'னு சத்தம் வர்ற வரைக்கும் மூடியை அழுத்துங்க.

"பேட்டரி எடுத்தா கோடிங் போயிடும் சார்"னு யாராவது பயமுறுத்துவாங்க. பெரும்பாலான கார்கள்ல போகாது, அந்தக் குறியீடு மின்சாரம் இல்லாமலும் நினைவில் நிற்கும். சில பழைய மாடல்கள்ல மட்டும் ரிமோட்டை மறுபடி காரோட சேர்க்கணும், வழிமுறை மேனுவல்லயே இருக்கும்.

ராத்திரி ஆபீஸ் விட்டு வரும்போது பேட்டரி சுத்தமா செத்துப்போனாலும் டோயிங் வண்டிக்கு போன் போட வேண்டாம். உள்ளே இருக்கிற இரும்புச் சாவியால கதவைத் திறங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு, ரிமோட்டை ஸ்டார்ட் பட்டனோட ஒட்டிப் பிடிச்சு அழுத்துங்க. சாவிக்குள்ள இருக்கிற இம்மொபிலைசர் சிப் காரிலிருந்தே சக்தி எடுத்துக்கும், பேட்டரி தேவையில்ல. சில கார்கள்ல வைக்கிற இடம் வேற, இன்னைக்கே மேனுவலைப் பார்த்து வச்சுக்கோங்க.

சரி, இதுல பெரிய பணம் எங்க இருக்குன்னா, பேட்டரியில் இல்ல, ரெண்டாவது சாவியில். கார் திருடு போய் கிளைம் போட்டா இன்ஷூரன்ஸ்காரங்க ரெண்டு சாவியையும் கேட்பாங்க. ஒண்ணு இல்லேன்னா விளக்கம் எழுதிக் கொடுக்கணும், கிளைம் இழுத்தடிக்கும். லட்சங்கள்ல நிற்கிற விஷயம் இது. பழைய கார் வாங்கும்போதும் ரெண்டு சாவியையும் கையில் வாங்காம முழுப் பணத்தைக் கொடுக்காதீங்க. "அப்புறம் கொரியர்ல அனுப்புறேன்"ன்னா அந்த அளவுக்கு விலையைக் குறைச்சுப் பேசுங்க, ஏன்னா புது ஸ்மார்ட் கீ ஆயிரக்கணக்கில் ஆகும். பாலிசி புதுப்பிக்கும்போது சாவி தொலைஞ்சா ஈடு கொடுக்கிற கூடுதல் கவர் கிடைக்கும். ஸ்மார்ட் கீ கார்னா பிரீமியத்தைக் கேட்டுப் பாருங்க. சாதா இரும்புச் சாவி கார்னா என்னைப் பொறுத்தவரை தேவையில்ல.

கடைசியா, வீட்டில் குழந்தை இருந்தா பழைய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீங்க. தீர்ந்ததிலும் கொஞ்சம் சக்தி மிச்சமிருக்கும். விழுங்கிட்டா உணவுக்குழாயில் சிக்கி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அரிச்சுடும். ரெண்டு பக்கமும் டேப் ஒட்டி, கைக்கு எட்டாத இடத்தில் வச்சு, இ-வேஸ்ட் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. விழுங்கியிருக்குமோன்னு சந்தேகம் வந்தாலே போதும், வாந்தி எடுக்க வைக்காம, அறிகுறிக்குக் காத்திருக்காம, நேரா ஆஸ்பத்திரிக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்க.