குண்டூசிமெத்தைப் பூ

குண்டூசிமெத்தைப் பூ அல்லது ஸ்காபியோசா என்பது நடுநிலக்கடல் பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஒரு தோட்டப் பூச்செடி ஆகும். இது காப்ரிஃபோலியேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. ஒரே பூவாகத் தோன்றுவது உண்மையில் பல சிறு பூக்கள் நெருங்கி அமைந்த தலைமஞ்சரி. அதிலிருந்து வெளியே நீளும் மகரந்தத் தாள்கள் மெத்தையில் குத்திய குண்டூசிகளைப் போல் இருப்பதால் இப்பெயர் ஏற்பட்டது. ஸ்காபியோசா என்னும் பெயர் சிரங்கைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. முற்காலத்தில் ஐரோப்பியர் அந்நோய்க்கு இச்செடியை மருந்தாகக் கொண்டனர்.

தமிழகத்திலும் இதற்கு உறவுச்செடி உண்டு. நீலகிரி போன்ற உயர்ந்த மலைகளில் உருண்டையான வெண்ணிறப் பூத்தலையுடன் வளரும் டிப்சாகஸ் செடிக்கு லெஷ்னோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. அவர் 1816-இல் புதுச்சேரிக்கு வந்து, 1819-இல் நீலகிரியில் செடிகளைத் திரட்டியவர். புதுச்சேரித் தாவரவியல் பூங்கா அவர் சென்ற பின்னர், 1826-இல் அமைந்தது.

புதுச்சேரியில் வளர்த்தல்

குளிர்ச்சியை விரும்பும் இச்செடியைப் புதுச்சேரி நகரில் ஆண்டு முழுவதும் வளர்க்க முயல்வது வீண். ஏப்ரலுக்குப் பிந்தைய வெயிலில் செடி கருகும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையில் வேர் அழுகும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள சில மாதங்களே இதற்கு உரியவை. விதைத்தது முதல் பூப்பதற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆவதால், மழை முழுவதும் ஓய்ந்த பின் விதைத்தால் பூக்கும் வேளையில் கோடை வந்துவிடும். எனவே அக்டோபர் இறுதியில், மழை படாத தாழ்வாரத்தில் நாற்றுத் தட்டில் விதைத்து, டிசம்பர் நடுவில் மழை குறைந்ததும் பிடுங்கி நடுவது ஏற்றது. அவ்வாறு நட்டவை பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூக்கும்.

ஒருபருவச் செடியான அட்ரோபர்பூரியா இனமே சமவெளிக்குப் பொருந்தும். பல்லாண்டு வாழும் காக்கேசிய இனம் குளிர்நாடுகளுக்கு உரியது. விதைப் பொட்டலத்தின் படத்தைப் பார்த்து அதனை வாங்குவோர் ஏமாற்றம் அடைவர்.

விதையை மெல்லிய மண்ணால் மூடினால் போதும். இரு வாரங்களுக்குள் முளைக்கும். இக்காலத்தில் ஈரம் மிகுந்தால் நாற்றழுகல் நோய் தாக்கும். நடும்போது செடிக்குச் செடி 25 முதல் 30 செ.மீ. இடைவெளி வேண்டும். சற்றே காரத்தன்மையுள்ள, நீர் வடியும் மண் நல்லது. கடலோர மணல் நீரை எளிதில் வடிப்பினும் சத்துக் குறைந்தது. மட்கிய தொழுவுரம் கலக்க வேண்டும். கடலை ஒட்டிய தெருக்களில் கிணற்று நீர் உவர்ப்பாயின், தொட்டியில் வளர்த்து நல்ல நீர் ஊற்றுவதே வழி. காலை வெயில் படும் இடம் சிறந்தது.

தழைச்சத்து மிகுந்த உரமிட்டால் இலை பெருகிப் பூ குறையும். வாடிய பூத்தலைகளைக் காம்புடன் கிள்ளி வந்தால் புதிய மொட்டுகள் தோன்றும். உயரமான வகைகளுக்குக் கடற்காற்றில் சாயாதபடி குச்சி நட்டுக் கட்டுதல் வேண்டும். அசுவினி காணப்பட்டால் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம்.

மார்ச் மாதத்தில் சில தலைகளைக் கிள்ளாமல் விட்டால், காகிதம் போன்ற சிறு குடையுடன் விதைகள் முற்றும். அவற்றை உலர்த்தி, ஈரம் புகாத புட்டியில் அடுத்த அக்டோபர் வரை வைத்திருக்கலாம்.