மறதி நோய்க்கு மரபணு மட்டும் போதாது

கடையம், பொட்டல்புதூர், ஆழ்வார்குறிச்சி வட்டாரத்தில் வயதான ஒருவர் சாப்பிட்டதை மறந்து மறுபடி சோறு கேட்டால், "வயசாயிட்டு, நெனவு தப்பிட்டு" என்று சொல்லி விட்டுவிடுவார்கள். அதே குடும்பத்தில் அடுத்த தலைமுறைக்கும் அப்படி வந்தால், "அது அவுக ரத்தத்திலேயே இருக்கு" என்பார்கள். முதல் பேச்சு முதுமையைக் காரணம் காட்டுகிறது, இரண்டாவது பரம்பரையைக் காட்டுகிறது. செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற முடிவு மட்டும் இரண்டுக்கும் பொது. டிமென்ஷியா எனப்படும் மறதி நோயைப் பற்றி முப்பது ஆண்டுகளாகச் சேர்ந்திருக்கும் சான்றுகள் அந்த முடிவை ஏற்கவில்லை. பரம்பரை ஆபத்து உண்மைதான். ஆனால் அது எந்த அளவுக்குப் பலிக்கும் என்பதில் நடுவயதில் நாம் உண்ணும் கொழுப்புக்கும் உடல் உழைப்புக்கும் பங்கு இருக்கிறது.

டிமென்ஷியாவில் பெரும்பகுதி அல்சைமர் நோய். அதோடு மிக வலுவாகத் தொடர்புள்ள பரம்பரைக் கூறு, 19ஆம் குரோமோசோமில் உள்ள அபோ-ஈ என்ற மரபணு. ஈ2, ஈ3, ஈ4 என அது மூன்று வகைப்படும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொன்று நமக்கு வரும். ஈ4 வகை அல்சைமரின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதை 1993இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஐரோப்பிய வம்சாவளியினரிடம் ஒரு ஈ4 இருந்தால் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. இரண்டும் ஈ4 என்றால் எட்டு மடங்குக்கும் மேல். இந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் அன்றாட வேலை, ரத்தத்திலும் மூளையிலும் கொழுப்பைச் சுமந்து செல்வது. அப்படியானால் நாம் உண்ணும் கொழுப்பும் அதை எரிக்கும் உழைப்பும் இந்த ஆபத்தோடு எப்படிச் சேர்கின்றன என்று கேட்காமல் இருக்க முடியாது.

இந்தக் கேள்விக்கு இந்தியாவிலிருந்தே ஒரு தடயம் கிடைத்தது. ஹரியானாவின் பல்லப்கர் வட்டாரத்தில் 28 கிராமங்களையும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு பகுதியையும் ஒப்பிட்டு இந்திய, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 65 வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்குப் புதிதாக அல்சைமர் வந்தது பல்லப்கரில் 4.7 பேருக்கு, பென்சில்வேனியாவில் 17.5 பேருக்கு. ஈ4 வகையின் பரவல் பல்லப்கரில் சுமார் 7 சதவீதம், அங்கே 11 சதவீதம். ஈ4 உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுவது மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரி இருந்தது. 7க்கும் 11க்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ நான்கு மடங்கு வித்தியாசத்தை விளக்கப் போதாது. நைஜீரியாவின் இபாடான் நகர யொரூபா மக்களையும் அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் நகரக் கறுப்பினத்தவரையும் ஒப்பிட்ட ஆய்வு 2001இல் வெளியானது. அதிலும் நைஜீரியாவில் நோய் பாதிக்கும் குறைவு. ஈ4க்கும் நோய்க்குமான பிணைப்பும் அங்கே மிகவும் தளர்ந்திருந்தது.

அதற்காகக் கிராமத்துச் சாப்பாடும் உழைப்பும் நம்மைக் காத்துவிடும் என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. இரண்டு ஆட்சேபங்கள் வலுவானவை. ஒன்று, நம் ஊரில் நோயாளிகள் எண்ணிக்கையில் அகப்படாமலே போகலாம். 2008இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் வேலூர் மாவட்டக் கிராமங்களை ஓர் அளவுகோலால் அளந்தபோது டிமென்ஷியா 0.3 சதவீதம் மட்டுமே. வேறோர் அளவுகோலுக்கு அது 5 சதவீதத்துக்கும் மேல் போயிற்று. மருமகளும் மகளும் எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ளும் வீட்டில், பெரியவரால் எதைச் செய்ய முடியவில்லை என்பது வெளியே தெரிவதில்லை. இரண்டாவது ஆட்சேபம் 2023இல் வெளியான தேசிய மதிப்பீடு. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா. நகரத்தைவிடக் கிராமத்திலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் அதிகம். பள்ளிக்கூடம் போகாதது, கவனிக்கப்படாத ரத்த அழுத்தம், காது கேளாமை போன்றவையும் மூளையைத் தாக்குவதால் இதில் முரண்பாடு இல்லை. கொழுப்பும் உழைப்பும் கதையின் ஒரு பகுதி. ஆனால் நம் கைக்கு எட்டும் பகுதி.

எட்டும் என்பதற்குச் சான்று ஊர்களை ஒப்பிடும் ஆய்வுகளோடு நிற்கவில்லை. ஃபின்லாந்தில் நடுவயதில் பரிசோதிக்கப்பட்டவர்களை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பார்த்தார்கள். வாரம் இரண்டு முறையாவது வியர்க்க உடற்பயிற்சி செய்தவர்களுக்கு டிமென்ஷியா குறைவு. அந்தப் பயன் ஈ4 உள்ளவர்களிடம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. நிறைவுற்ற கொழுப்பு அதிகம் உண்டதன் கேடும் அவர்களிடமே கூடுதல். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வோ 2002இல் கொழுப்புக்கும் டிமென்ஷியாவுக்கும் தொடர்பே காணவில்லை. அந்த ஆய்வு முதியவர்களின் உணவைக் கேட்டு, ஆறு ஆண்டுகளே பின்தொடர்ந்தது. மூளையில் மாற்றங்கள் நோய் தெரிவதற்கு இருபது ஆண்டு முன்பே தொடங்குவதால், நாற்பது வயதில் என்ன சாப்பிட்டார்கள் என்பதே முக்கியம். வெறும் கண்காணிப்பைத் தாண்டி, 1,260 பேரைக் கொண்டு உணவு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்த அழுத்தக் கவனிப்பு எல்லாவற்றையும் சேர்த்துச் சோதித்த ஃபின்லாந்தின் ஃபிங்கர் ஆய்வு 2015இல் வெளியானது. இரண்டே ஆண்டில் சிந்தனைத் திறனில் பயன் தெரிந்தது. ஈ4 இருந்தவர்களுக்கும் அது குறையவில்லை. நோய் வந்த பிறகு உடற்பயிற்சி அதைத் தடுத்து நிறுத்தாது என்பதையும் 2018இல் வெளியான பிரிட்டிஷ் சோதனை ஒன்று காட்டியிருக்கிறது. இது முன்கூட்டிச் செய்யவேண்டிய காரியம்.

இனி கடையத்துக்கு வருவோம். ராமநதிப் பாசனத்து வயலில் நாற்று நட்டு, களையெடுத்து வளர்ந்த தலைமுறையின் மகள்களில் பலர் இன்று சுளகை மடியில் வைத்துக் காலை முதல் மாலை வரை பீடி சுற்றுகிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால், எழுந்து நடக்கும் ஒவ்வொரு நிமிடமும் நஷ்டம். அடுப்படியிலோ ரேஷன் பாமாயில் சேர்ந்துகொண்டது. அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்குதான். குற்றாலச் சாரலுக்குப் போனால் பார்டர் பரோட்டாவும் சால்னாவும் கட்டாயம். மாதம் ஒருநாள் என்றால் பரவாயில்லை, வாரம் மூன்று ராத்திரி என்றால் கணக்கு வேறு. "எங்க தாத்தா தேங்காயெண்ணெயிலேயே சாப்பிட்டு 90 வயசு வரை தெளிவா இருந்தாரே" என்பார்கள். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு. அது மறதியைத் தீர்க்கும் என்பதை நம்பத்தகுந்த பெரிய சோதனை எதுவும் உறுதிசெய்யவில்லை. தாத்தாவின் சட்டியில் விழுந்த எண்ணெயின் அளவும் அவர் தினம் நடந்த தூரமும் அந்தக் கதையில் சொல்லப்படாமல் போகின்றன.

காசு கொடுத்தால் மரபணுச் சோதனை செய்து ஈ4 உண்டா என்று பார்த்துவிடலாம். பெரும்பாலோருக்கு அதனால் பயன் குறைவு. ஈ4 இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. முடிவு எதுவானாலும் செய்யவேண்டியது ஒன்றே: எண்ணெயின் அளவைக் குறைத்து, நிறைவுற்ற கொழுப்பு மிகுந்ததைத் தினசரிச் சமையலிலிருந்து விலக்குவது, வாரம் 150 நிமிடமாவது வேகமாக நடப்பது, சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பது. 2024இல் லான்செட் ஆணையம் பட்டியலிட்ட 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும். நடுவயதின் கெட்ட கொழுப்பும் உடலுழைப்பின்மையும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் துண்டுக்கூலிக்குப் பீடி சுற்றும் பெண்ணிடம் "தினம் நடங்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் நடக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்பதை மறந்துவிட்டால் அந்த அறிவுரை வெறும் வாய்ப்பேச்சு. வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க 2021இலிருந்து "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற அரசுத் திட்டம் இருக்கிறது. பீடிக்கூலியும் ரேஷன் எண்ணெயும்கூட மூளை நலத்தின் விஷயங்களே என்று அரசு எண்ணத் தொடங்கினால், "ரத்தத்திலேயே இருக்கு" என்று கைவிடப்படும் ஆபத்தில் ஒரு பகுதியை இந்தத் தலைமுறையிலேயே குறைக்க முடியும்.