செப்புத் தகட்டில் எழுந்த திருச்சபைத் தலைவர்கள்

17-ஆம் நூற்றாண்டிலே பிரான்ஸ் தேசத்துத் திருச்சபைத் தலைவர்களின் உருவங்களைச் செப்புத் தகட்டில் உளியால் கீறி, அக்கீறல்களில் மசியை நிறைத்து, ஈரமூட்டிய காகிதத்தின்மீது உருளை அச்சால் பதித்தெடுத்த சிற்பிகளுக்கு, ஓவியருக்குரிய வர்ணங்களுள் ஒன்றேனும் வாய்க்கவில்லை. ஆயினும் பெரியோரின் குலத்தையும் பதவியையும் உணர்த்தும் கேடயச் சின்னங்களுக்கு வர்ணமே உயிர் ஆதலின், அதனைக் கைவிடவும் அவர்களால் இயலவில்லை.

இச்சங்கடத்துக்குப் பரிகாரமாய் அமைந்தது, இயேசு சபைத் துறவியாகிய சில்வெஸ்தர் பெத்ராசாங்க்தா 1638-இல் வெளியிட்ட குலச்சின்ன நூலில் கையாண்ட கோட்டுமுறை. செங்குத்துக் கோடு சிவப்பு, கிடைக்கோடு நீலம், புள்ளிகள் பொன், வெற்றிடமே வெள்ளி. பார்ப்பவரின் இடப்புற மேல்மூலையிலிருந்து வலப்புறமாகச் சரிந்து இறங்கும் கோடு பச்சை; எதிர்ச்சரிவு ஊதா. தகட்டில் உள்ளது காகிதத்தில் இடவலம் மாறிப் பதியுமாகையால், சிற்பி ஒரு கணம் அயர்ந்தாலும் பச்சை ஊதாவாகிவிடும்! அத்துணை எச்சரிக்கையோடு இழுக்கப்பட்ட கோடுகள் அவை.

கேடயத்தின் மேலே அகன்ற விளிம்புடைய தொப்பியும், அதன் இருமருங்கிலும் தொங்கும் குஞ்சங்களும் பதவியைச் சொல்லும். நாளடைவில் நிலைத்த முறைப்படி, பக்கத்துக்குப் பதினைந்து குஞ்சங்கள் கர்தினாலுக்கும், பத்து அதிமேற்றிராணியாருக்கும், ஆறு மேற்றிராணியாருக்கும் உரியவை. முதன்மந்திரியாக இருந்து தேசத்தையே ஆண்ட கர்தினால் மஸாரினுடைய கேடயத்தில், பண்டை ரோமாபுரி ஆட்சியாளர்களின் முன்னே ஏந்திச் செல்லப்பட்ட கோடரி செருகிய பிரம்புக்கட்டு பொறிக்கப்பட்டிருப்பது அவருடைய ஆட்சிக்கு எவ்வளவு பொருத்தம்!

மஸாரினைப் பன்முறை செதுக்கியவர் ரேம்ஸ் நகரில் பிறந்த ரொபேர் நாந்தேய். அவரே 1674-இல், பிரசங்கத்தில் ஈடற்ற பொசுவேயையும் செதுக்கினார். அதே பொசுவேயை, ரிகோ தீட்டிய ஓவியத்தைக் கொண்டு, பியேர் அம்பேர் திரேவே 1723-இல் முழு உருவமாகச் செதுக்கினார். திரேவேயின் படத்திலே திருச்சபையின் உறுதியைக் குறிக்கும் தூணும், கௌரவத்தைக் காட்டும் திரைச்சீலையும், ஞானத்துக்கு அடையாளமான நூல்களும் சூழ நிற்க, பட்டும் சரிகைப் பின்னலும் மென்மயிர் ஆடையும் வெவ்வேறு கோடுகளால் தத்தம் தன்மை தோன்ற மிளிர்கின்றன; கைத்திறத்தில் அதை வெல்வது அரிது. எனினும், சின்னங்களைச் சுருக்கி முகத்திலேயே அறிவையும் கருணையையும் எழுதிக்காட்டிய நாந்தேயின் படத்தையே நான் மேலானதாகக் கருதுகிறேன்.

பழைய நூல்களில் இத்தகைய படத்தைக் காண நேரும் வாசகர், முகத்தைக் கண்ட மாத்திரத்தில் ஏட்டைப் புரட்டிவிடாமல், கேடயத்துக் கோடுகளின் திசையையும் தொப்பியின் குஞ்சங்களையும் சற்றே நின்று நோக்குவாராக.