ஏட்டில் ஏறாத பாட்டு

புதுப்பாட்டுத் தேடி உலகெங்கும் செவிசாய்க்கின்றோம். நம் மலையில் எவரும் எழுதிவைக்காத பாட்டும் புதுப்பாட்டே என்பேன் நான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துத் தொழிலாளர் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை கடந்து, மாத்தளைக்குக் கால்நடையாக வந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோர் அத்துயரையும் கங்காணியின் கெடுபிடியையும் பாட்டாக்கினர். பாட்டுக் கட்டியவர் பெயரோ நிலைக்கவில்லை. அப்பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை, 1983இல் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என நூலாக்கினார்; மறு ஆண்டே மறைந்தார்.

அவர் கைக்கு எட்டாதவை இன்னும் எத்தனையோ! மாத்தளை மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியிடம் ஒரு தாலாட்டையேனும் கேட்டு, பாடியவர் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் எழுதிவைத்தல் வேண்டும். பாட்டி மறைந்தபின் யாரிடம் கேட்பது?