பிக்கப் வண்டியைத் தூக்கிக் கட்டலாமா?

தோட்டத்திலிருந்து சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்ல ஒரு காலத்தில் மாட்டு வண்டி இருந்தது. இன்று பல கிராமங்களில் அந்த வேலையைப் பிக்கப் வண்டி செய்கிறது. தார்ச்சாலையில் அதற்குக் குறையொன்றுமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிப்பாதை சேறாகி, டிராக்டர் சக்கரங்கள் இரு பக்கமும் பள்ளம் பறித்துவிட்டால்தான் தொல்லை. நடுவில் நிற்கும் மண்மேட்டில் வண்டியின் அடிப்பாகம் தட்டி உட்கார்ந்துவிடுகிறது. தக்காளிப் பெட்டிகள் ஏலத்துக்கு நேரத்தில் போய்ச் சேராவிட்டால் நஷ்டம் யாருக்கு என்று விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரமாக வண்டியைத் தூக்கிக் கட்டும் வழக்கம் வந்துள்ளது. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் காட்டுப்பாதைப் பயணத்துக்காகப் பரவிய 'லிஃப்ட் கிட்' என்னும் உதிரிபாகத் தொகுப்பு இங்கும் கிடைக்கிறது. கிட் வாங்க இயலாதவர்கள் பட்டறையில் கூடுதல் பட்டை சேர்த்தோ, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே இரும்புக் கட்டை வைத்தோ உயர்த்திக் கொள்கிறார்கள்.

ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சரக்கு கொண்டுவந்த விவசாயி ஒருவர், "மூணு அங்குலம் தூக்கியாச்சுங்க ஐயா, ஆனா தட்டுற இடத்துலயே இன்னும் தட்டுது" என்று என்னிடம் குறைபட்டார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. பின் அச்சின் நடுவில் குடம்போல் தொங்கும் டிஃபரன்ஷியல் கூட்டின் அடியில் புதிய உராய்வுத் தழும்பு பளபளத்தது. ஸ்பிரிங்கை உயர்த்தினால் அதன் மேலுள்ள சேஸிஸும் கூண்டும்தான் உயரும். அச்சு சக்கரத்தோடு பிணைந்தது. ஸ்பிரிங்கை எத்தனை அங்குலம் உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் முன்பிருந்த உயரத்திலேயே இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. அதிலும் டயரின் விட்டம் 2 அங்குலம் கூடினால் அச்சு உயர்வது 1 அங்குலம்தான்.

எனவே செலவுக்குத் துணியும் முன், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, அடியில் டார்ச் விளக்கு அடித்துத் தழும்புகளைத் தேட வேண்டும். தழும்பு டிஃபரன்ஷியலில் இருந்தால் ஸ்பிரிங் கிட் வீண் செலவு. பின்பக்க நம்பர் பிளேட் சட்டத்திலோ, முன் பம்பரின் அடியிலோ இருந்தால், ஓடையில் இறங்கி ஏறும் இடத்தை மண்வெட்டியால் சரித்து விடுவது மலிவு. சேஸிஸின் நடுப்பகுதியில் இருந்தால் மட்டுமே உயர்த்துவதால் முழுப் பயன் உண்டு.

இன்னொன்றையும் அளந்து பார்க்க வேண்டும். பாரம் இல்லாதபோது சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் அளவு எடுங்கள். அதே மாதிரியில் புது வண்டி வைத்திருப்பவரிடமும் அளந்து ஒப்பிடுங்கள். பல ஆண்டு பாரம் சுமந்த பட்டைகள் வளைவு இழந்து தொய்ந்திருக்கும். இழந்த உயரம் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ என்றால், கம்பெனி அளவிலேயே புதிய ஸ்பிரிங் போட்டால் அது திரும்பக் கிடைத்துவிடும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. என்னைக் கேட்டால், தூக்கிக் கட்ட நினைப்பவர்களில் பாதிப் பேருக்கு இதுவே போதும்.

தூக்கிக் கட்டியபின் வரும் ஆபத்துகளில் பிரேக் முதலாவது. பாரம் ஏற்றும் பல வண்டிகளில் பின் சக்கர பிரேக்குக்கு ஒரு வால்வு உண்டு. சேஸிஸுக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு கம்பி மூலம் அறிந்து, பாரம் ஏறி இடைவெளி குறையும்போது பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. வண்டியை உயர்த்திவிட்டால் இந்த இடைவெளி நிரந்தரமாகக் கூடிவிடுகிறது. முழுப் பாரம் ஏற்றியிருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு கணக்கிட்டுப் பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். மலைச்சரிவில் இறங்கும்போது இதன் விளைவு என்னவாகும்? வால்வின் கம்பியைப் புதிய உயரத்துக்கேற்ப மாற்றி அமைக்காத பட்டறையில் வண்டியை விடாதீர்கள். பிரேக் ரப்பர் குழாயின் நீளமும் பார்க்கப்பட வேண்டும். சக்கரம் முழுதும் கீழே தொங்கும்போது குழாய் விறைத்து நின்றால் ஒரு நாள் அறுந்துவிடும்.

அடுத்தது கவிழும் ஆபத்து. சக்கரங்களுக்கு இடையே அகலம் 140 செ.மீ., பாரத்துடன் வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 90 செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். அகலத்தில் பாதியான 70-ஐ 90-ஆல் வகுத்தால் 0.78. வண்டி கவிழாமல் தாங்கும் திறனுக்கு இது ஓர் அளவுகோல். வண்டியை 4 அங்குலம், அதாவது 10 செ.மீ. உயர்த்தினால் இது 0.70 ஆகிறது. பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. முட்டைக்கோஸ் மூட்டைகளைக் கூண்டுக்கு மேலும் அடுக்கி, அதன்மேல் கூலியாட்களையும் உட்கார வைத்துக் கொண்டைஊசி வளைவில் திரும்பும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவதே சட்டப்படி தவறு. உயர்த்திய வண்டியில் அது உயிரோடு விளையாடுவது.

பட்டை கூட்டினால் கூடுதல் டன் ஏற்றலாம் என்று எண்ணுவோரும் உண்டு. ஸ்பிரிங் தாங்கும், அச்சும் பேரிங்கும் பிரேக்கும் டயரும் பழையவைதானே? பதிவுச் சான்றில் உள்ள மொத்த எடை மாறுவதில்லை.

சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் தகராறு வரக்கூடும். ஆகவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டபின்பே கிட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் தேவை என்றால், 2 அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம். முன், பின் ஸ்பிரிங்குகளும், அவற்றுக்குப் பொருத்தமான நீளமுள்ள ஷாக் அப்சார்பர்களும் ஒரே தொகுப்பாக வருவதையே வாங்குங்கள். வண்டி எப்போதும் சுமக்கும் எடையைக் கடைக்காரரிடம் மிகைப்படுத்தாமல் சொல்லுங்கள். அதிக பாரத்துக்கான ஸ்பிரிங் காலி வண்டியில் துள்ளும். சேற்றில் பின் சக்கரம் பிடிப்பு இழக்கும். முன் அச்சில் இரும்புக் கட்டை வைப்பதை எக்காரணம் கொண்டும் ஏற்காதீர்கள். பின் அச்சிலும் கட்டைமேல் கட்டை அடுக்கக் கூடாது. கழற்றிய யு போல்ட்டுகள் ஏற்கெனவே இழுபட்டவை. அவற்றை மீண்டும் மாட்டாமல் புதியவை போடச் சொல்லுங்கள்.

வேலை முடிந்ததும் சக்கர அலைன்மென்ட்டும் முன்விளக்கின் நோக்கும் சரி செய்யப்பட வேண்டும். பிறகு காலி வண்டியாகவும் பாரத்துடனும் ஓட்டிப் பார்த்து பிரேக்கைச் சோதியுங்கள். 500 கிலோ மீட்டர் ஓடியபின் யு போல்ட் நட்டுகளை அதே பட்டறையில் மறுபடி முறுக்கிக் கொள்ளுங்கள். புதிய ஸ்பிரிங் படிந்து அமர்ந்ததும் அவை சற்றுத் தளர்வது வழக்கம்.